இல்லை என்று சொன்ன வாய்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் வழக்கம்போலத் தையல் மிஷினுக்கு முன்னால்தான் இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? லிஃப்டைப் பிரித்துப் போட்டுவிட்டால் உனக்குப் பசியே தெரியாது, அதனால் கேட்கிறேன்.

திடீரென்று கடிதம் வருகிறதே என்று பதறாதே. போனில் என் குரல் உனக்குப் பாதிகூட எட்டுவதில்லை. மீதியை நீயாக ஊகித்துக்கொண்டு 'சரி சரி' என்கிறாய். டாக்டரும் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார். போனில் எழுத்தைத் தேடித் தேடித் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது. பேனா பிடித்தால் மனசில் இருப்பது ஒழுங்காக வருகிறது.

தொண்டையில் இருப்பது கெட்ட கட்டிதான் என்று முடிவாகிவிட்டது. அறுக்க வேண்டாமாம். ஏழு வாரம் கரண்ட் வைத்தால் போதுமாம். கரண்ட் என்றால் ஷாக் இல்லை, கதிர். முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்து, அதைப் போட்டுப் படுக்கையோடு பூட்டிவிடுகிறார்கள். அளவெடுத்தவன் நல்ல வேலைக்காரன், ஓர் இடத்தில்கூடத் தளர்வு இல்லை. காலை பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன்.

கரண்ட் வைக்கும் முன்னால் பல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா எனக்குப் பெரிய பாடமே நடத்தினார். எச்சில் வற்றிப் போகுமாம். எச்சில் இல்லாவிட்டால் பல் சொத்தையாகுமாம். தினம் ஒரு மருந்தைப் பல்லில் பூசிக்கொள்ள வேண்டுமாம். கடைசியில், "இதுக்கப்புறம் ஆயுசு பூரா எங்களக் கேக்காம எங்கயும் பல்லப் பிடுங்கிடாதீங்க. கரண்ட் பட்ட தாடை எலும்பு சீக்கிரத்துல ஆறாது" என்றார். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீ கேட்டுக்கொண்டபடி யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்கிறேன். காஜா அம்மாவுக்கு மட்டும் தெரியும். எனக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறவள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் எதை மறைப்பது? அவள் சத்தியம் செய்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன் கடிதத்தை லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு படித்தேன். மேலே இருந்தவன் "கீழ என்னடா பண்ற, தூங்கிட்டியா?" என்று கத்தினான்.

வந்துவிடட்டுமா அக்கா? ஒப்பந்தம் முடிய வருஷக் கடைசி ஆகும். நடுவில் கிளம்பினால் வேலை போய்விடும். ஆனாலும் நீ 'வா' என்று ஒரு வார்த்தை எழுது, மறுநாள் கிளம்பிவிடுகிறேன்.

நான் கேட்டது தப்பு என்று எனக்கே தெரிகிறது. நோயில் கிடப்பவளிடம் போய், 'பெண் வீட்டுக்குத் தெரியக் கூடாது' என்று யாராவது சொல்வார்களா? ஆனால் போன தடவை பெண் பார்த்தபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கு வந்த நோயைச் சொன்னதும் அந்த வீட்டார் திரும்பியே பார்க்கவில்லை. இப்போது உனக்கும் அதே நோய் என்று தெரிந்தால், குடும்பத்திலேயே இருக்கிறது என்பார்கள். இவளை என்னால் விட முடியாது அக்கா. மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எனக்கு இருமல் மருந்து கொடுத்துவிட்டு, "இருமலே இல்லையே, எதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்டவள். அவள் அப்பா கொஞ்சம் முறைப்பான ஆள். கல்யாணம் முடியட்டும், நானே அவளிடம் சொல்கிறேன். அதுவரை மட்டும்.

பல் மருந்தை மறக்காமல் பூசு. சொன்னால் கேட்க மாட்டாய், பிடிவாதக்காரி.

உன் தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்காதான். கோபித்துக்கொள்ளாதே, ஒரு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் முடிய இன்னும் நாலைந்து நாள்தான். வாயெல்லாம் புண். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கினால்கூட உயிர் போய் உயிர் வருகிறது. ருசி என்று ஒன்றும் இல்லை. போன வாரம் காஜா அம்மா சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுப் பால் கொடுத்துவிட்டாள். நானும் குடித்துவிட்டேன். அவள் மிச்சத்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். "ஏண்டி அழுற, நல்லாத்தான இருந்துச்சு" என்றேன்.

சிரிப்பாக ஒன்று. ஊசியில் நூல் கோர்க்க, முனையை உதட்டில் நனைக்கப் போனேன். நனைக்க எச்சில் இல்லை. இத்தனை வருஷமாகக் கை தானாகச் செய்த வேலை, வாய் ஒத்துழைக்கவில்லை. இப்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். அதில் நனைத்துக்கொள்கிறேன், அதிலேயே ஒரு மடக்குக் குடித்தும் கொள்கிறேன். பல்லில் பூசும் மருந்து புண்ணில் பட்டால் எரிகிறது. அதனால் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறேன். திட்டாதே.

உன் மகாராணி ஒரு சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். அளவெடுக்கும்போது கழுத்தில் சுற்றியிருந்த துணி நழுவிவிட்டது. உள்ளே கறுத்துப் போயிருக்கிறது. சட்டென்று இழுத்து மூடி, "இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சு" என்றேன். "பாத்து இருங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்டா. சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. உனக்கு எப்படி மாட்டினாளோ தெரியவில்லை.

நீ வர வேண்டாம். வேலையைப் பார்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் இங்கே சுகம். நீ புண் ஆறி, நாலு வாய் சோறு சாப்பிட்டேன் என்று எழுதினால் இன்னும் சுகமாக இருப்பேன்.

இஸ்திரிப் பெட்டி சுட்டது என்பதை அவள் நம்பியிருப்பாளா? அவள் மருந்துக்கடைக்காரி அக்கா, இதையெல்லாம் பார்த்தவள். நன்றாக யோசித்துச் சொல், முகம் மாறினாளா? மறுபடி வந்தால் கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை போட்டுக்கொள். நான் போனில் பேசும்போது அவள் எதுவும் கேட்கவில்லை, வழக்கம்போலத்தான் பேசினாள். தப்பித்தோம் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். நான் லிஃப்டுக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். கூட இருந்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இன்றைக்கு முதலில் நல்ல செய்தி, மற்றதெல்லாம் பிறகு. கட்டி இல்லை. குழாய் விட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், இல்லவே இல்லை என்றார் டாக்டர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நல்ல சேதி சொல்றேன், கேக்குதா?" என்றார். கேட்டது. அழுகை வந்தது, எச்சில்தான் வரவில்லை.

குரலும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும், ஆனாலும் குரல்.

வாய் மட்டும் முன்போலத் திறப்பதில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். நாளாக ஆக ஒவ்வொரு குச்சியாகக் கூட்ட வேண்டும். நான் டேப்பை வைத்து அளந்தேன். ஒரு அங்குலம்கூட இல்லை. காஜா அம்மா, "ஊர் உடம்பெல்லாம் அளந்தவளுக்கு இப்ப தன் வாய அளக்குற நிலைமை" என்றாள். அடிக்கப் போனேன்.

பல்தான் தொல்லை. ஈறோடு ஒட்டின இடத்தில் பழுப்பு விழுந்து அரித்துக்கொண்டு போகிறது. பழக்கதோஷத்தில் நூலைக் கடித்தேன், முன்பல்லில் ஒரு சில்லு கையோடு வந்துவிட்டது. இடப்பக்கம் கீழே கடைசிப் பல் இரண்டும் நாலைந்து நாளாகக் குத்துகின்றன. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். போனால் ஒரு நாள் முழுக்க வரிசையில் போய்விடும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தலைக்கு மேல் குவிந்து கிடக்கிறது. அதை முடித்துவிட்டுப் போகிறேன்.

சந்தோஷமாக இரு. உன் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டி இல்லை என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அறையில் இருந்த எல்லோருக்கும் பிஸ்கெட் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள், சும்மா என்றேன். என் வயிற்றில் பாலை வார்த்தாய், நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

பல்வலிக்கு எதற்கு ஒரு நாளை வீணாக்கிக்கொண்டு அவ்வளவு தூரம்? அவளுடைய சித்தப்பா பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேனே. கடைத்தெரு முனையில் கிளினிக். நடந்தே போய்விடலாம். கை சுத்தமான ஆள் என்று ஊரே சொல்கிறது. நாளைக்கு உறவாகப் போகிறவர், நீயாகத் தேடிப் போனால் அவர்களுக்கும் மரியாதையாக இருக்கும். எங்கேயோ போய்க் காட்டினாய் என்று பின்னால் தெரிந்தால், நம்மிடம் வரவில்லையே என்று நினைப்பார்கள். அந்த விஷயம் மட்டும் தப்பித் தவறிக்கூட வாயில் வந்துவிடக் கூடாது. மற்றபடி அவர் தங்கமான மனிதர்.

வலியைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்காதே. இந்த வாரமே போ.

உன் தம்பி


ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நான் தேவலை.

போய்வந்தேன். பல் இரண்டையும் எடுத்தாகிவிட்டது. நீ சொன்னது சரி, தங்கமான மனிதர். உள்ளே போனதுமே எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வலிக்காமல் எடுத்தார். எவ்வளவு சொல்லியும் பணம் வாங்கவில்லை.

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீ கவலைப்படாதே.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போய்வந்தது அவர்கள் வீட்டுக்குத் தெரியுமோ என்னவோ, அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள். பார்த்தாயா, நான் சொன்னால் கேள். வலி விட்டதா? இப்போது நன்றாக மெல்ல முடிகிறதா?

எனக்குக் கல்யாணத்துக்கு உன் கையால் தைத்த சட்டைதான் வேண்டும். அளவு பழைய அளவுதான், வயிற்றில் மட்டும் இரண்டு விரல் கூட்டிக்கொள். சிரிக்காதே. துணி நீயே எடு. வெள்ளை வேண்டாம், நான் எண்ணெய்க் கறை படுத்திவிடுவேன் என்று நீயே சொல்வாய்.

ஏன் போன கடிதம் இவ்வளவு சின்னது? நாலு வரியில் முடித்துவிட்டாய். வேலை அதிகமா? பக்கம் பக்கமாக எழுதி என்னைப் பழக்கிவிட்டு இப்படிச் செய்யலாமா?

உன் தம்பி


அக்டோபர் 2

அக்கா,

இரண்டு மாதமாகிறது. நான் எழுதியதற்கு ஒரு வரி பதில் இல்லை. கடைக்குப் போன் செய்தால் காஜா அம்மா எடுக்கிறாள். "அக்கா தூங்குதுப்பா" என்கிறாள். பகல் பதினோரு மணிக்கு நீ தூங்குவாயா? இன்னொரு நாள் "வெளியே போயிருக்குது" என்றாள். பேசும்போது அவள் குரல் சரியில்லை. கட்டி திரும்ப வந்துவிட்டதா? எதுவானாலும் சொல். நான் சின்னப் பிள்ளை இல்லை.

தம்பி


நவம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். காஜா அம்மாவைத் திட்டாதே, நான் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள்.

கட்டி திரும்ப வரவில்லை. அதை முதலில் மனசில் வாங்கிக்கொள். இது வேறு.

பல் எடுத்த குழி ஆறவில்லை. ஆறிவிடும் ஆறிவிடும் என்று உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் நாக்கால் தொட்டபோது கரடுமுரடாக ஏதோ தட்டுப்பட்டது. பல்லின் துண்டு மிச்சம் இருக்கிறது போல என்று நினைத்தேன். பல் இல்லை, எலும்பு. அப்புறம் சீழ் வைத்தது, கன்னம் வீங்கியது. நாற்றத்தை என்னாலேயே தாங்க முடியவில்லை. துணி கொடுக்க வந்தவர்கள் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். சித்தப்பாவிடம் மறுபடி போகவில்லை. போனால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அதே டாக்டரம்மா. வாயைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "யாரு எடுத்தது? அவர் உங்களக் கேக்கவே இல்லையா?" என்றார்.

கேட்டார் தம்பி. அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. சர்க்கரை இருக்கா, இருதயத்துல எதாவது இருக்கா, கரண்ட் வைத்தியம் எப்பவாவது பண்ணீங்களாம்மா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். "வாய் ஏன் இப்படி வறண்டு கெடக்கு, சரியாத் தெறக்கவும் மாட்டேங்குது?" என்றார். தண்ணீர் குடிக்க நேரமில்லை, பல்வலியில் திறக்க முடியவில்லை என்றேன். "உழைப்பாளி நீங்க, உடம்பையும் பாக்கணும்" என்றார். எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தபோது டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எழுந்து வந்திருக்கலாம். எழுந்தால் ஏன் என்று கேட்பார், அதற்கு என்ன சொல்வது? இரண்டு பல்தானே, ஆறாமலா போய்விடும் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

தாடை எலும்பு இடப்பக்கம் செத்துவிட்டதாம். விரிசலும் விட்டிருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் அந்தப் பக்கத்தை அறுத்து எடுக்கிறார்கள். காலிலிருந்து எலும்பு எடுத்து ஒட்டுப் போடுவார்களாம். முகம் கொஞ்சம் கோணும், பேச்சு பழையபடி இருக்காது, சாப்பாடு எத்தனை மாதம் குழாயில் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஒட்டுப் போடுவது எனக்குப் புதுசா என்று காஜா அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. மாடிப்படியில் விழுந்து தாடை உடைந்துவிட்டது என்று பெண் வீட்டில் சொல். எல்லோரும் விழுகிறார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சித்தப்பா காதுக்கு உண்மை போகவே கூடாது. தெரிந்தால் அவர் அதற்கப்புறம் இடுக்கியைக் கையில் எடுக்க மாட்டார். கல்யாணத்தைத் தள்ளிப் போடாதே. இந்த முகத்தோடு நான் முன்வரிசையில் உட்கார வேண்டாம், பின்னால் இருந்து பார்த்துக்கொள்கிறேன். அங்கே போ என்று எழுதிவிட்டோமே என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. போனது என் கால், இல்லை என்றது என் வாய். உன் மேல் எனக்குத் துளிக் கோபம் கிடையாது.

தாடை போனால் போகட்டும் தம்பி. கல்யாணம் நடந்துவிடும் இல்லையா? அது கெட்டுப் போகவில்லை இல்லையா? அதை மட்டும் எனக்கு எழுது. ராத்திரியெல்லாம் அந்த நினைப்புத்தான்.

அக்கா


நவம்பர் 16

உங்களுக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை, மன்னியுங்கள். போனில் பேசியிருக்கலாம். பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சித்தப்பா பேச்சுவாக்கில், "உன் வருங்கால நாத்தனாருக்கு ஜூலைல ரெண்டு பல் எடுத்தேன்டி, பணம் வேணாம்னா விட மாட்டேன்னுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். போன வாரம்தான் அக்காவைக் கடையில் பார்த்தேன். கன்னம் வீங்கி, துணியால் வாயை மூடிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார்.

எனக்குத் தெரியும். மார்ச்சிலிருந்தே தெரியும். என் பெரியம்மாவுக்கு இதே வைத்தியம் நடந்தபோது நான்தான் தினமும் கூடப் போனேன், கரண்ட் வைத்தபிறகு பல் எடுக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் கேட்டேன். அக்கா கழுத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி சுட்டது என்றார். கழுத்தைச் சுற்றி ஒரே சீராக எந்த இஸ்திரிப் பெட்டி சுடும்? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா, "நோய் யாருக்குத்தான் வரல? அவங்களா சொல்ற வரைக்கும் நாம கேக்கக் கூடாது. கேட்டா அந்தப் பொண்ணு கூசிப் போகும்" என்றார். கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் காத்திருந்தேன். நீங்கள் லிஃப்ட் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவுக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு வாய் நிற்காது, கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிடுவார், அக்கா சங்கடப்படுவார் என்று சொல்லாமல் விட்டோம். தெரிந்திருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

நேற்றே அவரிடம் சொல்லிவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. சாப்பாட்டை விட்டு எழுந்தவர் கை கழுவக்கூட இல்லை. "கேட்டேனே, நான் கேட்டேனே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கிளினிக் திறக்கவில்லை.

அக்கா அங்கே போகப் போகிறார் என்று நீங்கள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் ஓடிப் போய்த் தடுத்திருப்பேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லையே. கல்யாணம் வேண்டாம் என்றும் நான் எழுதவில்லை. எனக்கு இப்போது உங்கள் மேல் கோபமா வருத்தமா என்று பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்குத் தெரியும் என்பதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்குத் தைரியமில்லை. நீங்கள் சொல்லும்வரை நாங்கள் யாரும் காட்டிக்கொள்ள மாட்டோம். சித்தப்பாவையும் கட்டாயப்படுத்தி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

வந்துவிடுங்கள்.

நான்


நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். லீவு கிடைத்துவிட்டது, வேலையும் போகாது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் உன் கூட நான்தான் இருப்பேன், காஜா அம்மா கடையைப் பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு முன்னால் எழுதிய கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால்தான் தாமதம்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னேன். அப்படியே நம்பிவிட்டார்கள். அவள் அப்பா, அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி வைக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் கிளினிக்கைத் திறந்துவைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் வாயடித்துக்கொண்டிருக்கிறாராம். உன்னை விசாரித்தாராம். அவளுக்கும் தெரியாது. மார்ச்சில் உன் கழுத்தைப் பார்த்தாளே, அதைக்கூட மறந்துவிட்டாள்.

என் மேல் கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருந்தால் நன்றாக இருக்கும் அக்கா. முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தாய், எங்கேயும் பல்லைப் பிடுங்கக் கூடாது என்று. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் உன்னை அங்கே போகச் சொன்னேன். வந்ததும் என்னைக் கன்னத்தில் ஓர் அறை அறைந்துவிட்டு ஆபரேஷனுக்குப் போ.

முன்வரிசையில்தான் நீ உட்காருவாய். முகம் எப்படி இருந்தாலும் சரி. இதில் உன் பேச்சைக் கேட்க மாட்டேன்.

கடைசியில் ஒன்று கேட்டாய். அதற்குத்தான் இத்தனை நாள் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆமாம் அக்கா, கல்யாணம் கெட்டுப் போகவில்லை. அன்றைக்கு அவர் கேட்டபோது நீ உண்மையைச் சொல்லியிருந்தால் இவர்கள் எனக்குப் பெண் கொடுத்திருக்கவே மாட்டார்கள். நீ இல்லை என்று சொன்னதால்தான் இந்தக் கல்யாணம் நடக்கிறது. நீ செய்தது எதுவும் வீணாகவில்லை.

இனி நிம்மதியாகத் தூங்கு. நான் வந்துகொண்டிருக்கிறேன்.

உன் தம்பி